எழுத்துல ஒரு பேர், வாயில வேற பேர்: படிக்க முடியாத பேர்களைச் சரியா சொல்ல முழு வழிகாட்டி

ஃபெதர்ஸ்டோன்ஹாஃப்னு இங்கிலாந்துல ஒரு குடும்பப் பேர் இருக்கு. இங்கிலீஷ்ல எழுதினா மொத்தம் 17 எழுத்து, ஒண்ணொண்ணா கூட்டிப் படிச்சா மூச்சு வாங்கிடும். ஆனா அதைச் சொல்ற முறை 'ஃபேன்ஷா', அவ்ளோதான். சோல்மொண்டெலினு எழுதியிருக்கும், வாயில 'சம்லி'. மார்ஜோரிபேங்க்ஸ்னு இருக்கும், அது 'மார்ச்பேங்க்ஸ்'. மெயின்வேரிங் 'மேனரிங்' ஆயிடும், லெவிசன்-கோவர்ங்கற ரெட்டைப் பேர் 'லூசன்-கோர்' ஆயிடும். முதல் தடவை கேக்கும்போது யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும், எனக்கும் வந்துச்சு, இந்த மாதிரி பேரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெக்க ஆரம்பிச்சது அந்த சிரிப்புலதான்.

நோட்டு நிறைய நிறைய ஒண்ணு புரிஞ்சுது. சிரிப்பு மூட்டறது பேர் இல்ல, ஸ்பெல்லிங். பேர்ங்கறது முதல்ல சத்தம், வீட்டுல கூப்பிடற சத்தம், எழுத்து அதுக்கப்புறம் எப்பவோ யாரோ தைச்சுப் போட்ட சட்டை, ஆள் மாறிட்டாரு சட்டை மாறல. இதைப் புரிஞ்சுக்கிட்டா எந்த விசித்திரமான பேரையும் பயப்படாம அணுகலாம்.

இதை நான் இவ்ளோ சீரியஸா எடுத்துக்கிட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு ஆன்லைன் டீம்ல தினமும் காலையில மீட்டிங்கை ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிடற வேலை என்னோடது. அதுல ஒருத்தங்க ஐரிஷ்காரங்க, பேரை இங்க போடல, ஆனா பேருக்குள்ள எம்-எச் சேர்ந்து வரும், நான் அதை 'ம்'னே படிச்சு மூணு வாரம் அப்படியே கூப்பிட்டேன். அவங்க ஒண்ணுமே சொல்லல. ஒரு நாள் அவங்களோட பழைய ஃப்ரெண்ட் ஒருத்தர் அந்த மீட்டிங்குக்கு வந்தாரு, அவர் கூப்பிட்டப்போ அந்த இடத்துல 'வ்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு. மீட்டிங் முடிஞ்சதும் மெசேஜ் பண்ணி மன்னிப்பு கேட்டேன், 'பரவால்ல, பழகிடுச்சு'னு பதில் வந்துச்சு. அந்த 'பழகிடுச்சு'தான் எனக்கு உறைச்சுது. தன் பேரை அடுத்தவங்க தப்பா சொல்றது ஒருத்தருக்குப் பழகிப்போற அளவுக்கு நாம விட்டுடறோம்.

சரி, படிப்படியா போவோம்.

படி 1: வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, இது எந்த மொழியோட பேர்னு பாருங்க

பெரும்பாலான தப்பு இங்கதான் ஆரம்பிக்குது. ஏ பி சி டி எழுத்துல எழுதியிருந்தாலே அது இங்கிலீஷ்னு நம்ம மூளை முடிவு பண்ணிடுது. அந்த 26 எழுத்தையும் நூத்துக்கணக்கான மொழிகள் கடன் வாங்கியிருக்கு, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சத்தத்துக்கு ஏத்த மாதிரி வேலை குடுத்திருக்காங்க. ஜே எழுத்தையே எடுத்துக்கோங்க, இங்கிலீஷ்ல 'ஜ', ஜெர்மன்ல 'ய', ஸ்பானிஷ்ல தொண்டையில இருந்து வர்ற 'ஹ'. அதனாலதான் ஜோவாக்கின்னு எழுத்துல தெரியற பேர் 'வாக்கீன்'னு காதுல விழுது, நடிகர் வாக்கீன் ஃபீனிக்ஸ் பேர் அந்த ஸ்பானிஷ் முறைதான்.

2014-ல ஒரு டிவி செய்தியில சீன அதிபர் ஷி ஜின்பிங் பேரை வாசிச்சவங்க 'எலெவன் ஜின்பிங்'னு வாசிச்சிட்டாங்க. ஷி-ங்கறத ரோமன் எழுத்துல எக்ஸ்-ஐனு எழுதுவாங்க, ரோமன் எண்ல அது 11. கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா அவங்க செஞ்ச தப்பும் நாம தினமும் செய்யற தப்பும் ஒரே வகைதான், எழுத்தைப் பார்த்தாங்க, மொழியைப் பாக்கல.

மொழியைக் கண்டுபிடிக்க சில அடையாளம் இருக்கு, கொஞ்ச நாள்ல கண்ணு பழகிடும். பி-எச், எம்-எச், டி-எச் நடுவுல வந்து கூடவே ஏ-ஓ-ஐ மாதிரி உயிரெழுத்துக் கூட்டம் இருந்தா ஐரிஷ். சி-இஸட், எஸ்-இஸட், ஆர்-இஸட் வந்தா போலிஷ். பேரே என்-ஜி-ல ஆரம்பிச்சா பெரும்பாலும் வியட்நாமீஸ். எக்ஸ், க்யூ, இஸட்-எச் முதல்ல வந்து பேர் சின்னதா இருந்தா சீனம். ரெண்டு எல், ரெண்டு டி, ரெண்டு எஃப் அடிக்கடி வந்தா வெல்ஷ். ஐ-ஜே சேர்ந்து வந்தா டச்சு.

படி 2: அந்த மொழியோட நாலு ரூல் மட்டும் தெரிஞ்சுக்கோங்க

முழு மொழியையும் கத்துக்க வேணாம். பேர்ல திரும்பத் திரும்ப வர்ற நாலஞ்சு எழுத்துக்கூட்டம் தெரிஞ்சா போதும்.

ஐரிஷ்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இது சுலபமா பிடிபடும். எஸ்-ஐ-ஓ-பி-எச்-ஏ-என், 'ஷிவோன்'. என்-ஐ-ஏ-எம்-எச், 'நீவ்'. ஏ-ஓ-ஐ-எஃப்-இ, 'ஈஃபா'. டி-ஏ-டி-எச்-ஜி, 'டைக்', டைகர்ங்கற வார்த்தையைச் சொல்ல ஆரம்பிச்சு பாதியில நிறுத்தின மாதிரி. இதுல பி-எச், எம்-எச் எப்படி 'வ்' ஆச்சு? பழைய ஐரிஷ் எழுத்து முறையில ஒரு மெய்யெழுத்தோட சத்தம் மெலிஞ்சு போனா அது மேல ஒரு புள்ளி வெப்பாங்க. 20-ஆம் நூற்றாண்டுல சாதாரண ரோமன் எழுத்துக்கு மாறினப்போ அந்தப் புள்ளிக்குப் பதிலா பக்கத்துல ஒரு எச் போட ஆரம்பிச்சாங்க. அதாவது அந்த எச் எழுத்தே இல்ல, புள்ளி. க-வுக்கு மேல புள்ளி வெச்சா க் ஆகும்னு அரிச்சுவடியிலயே படிச்ச நமக்கு, ஒரு புள்ளி எழுத்தோட சத்தத்தை மாத்தும்ங்கறது புதுசே இல்ல. இது தெரிஞ்ச நாள்ல இருந்து ஐரிஷ் பேர் எதைப் பார்த்தாலும் எச்-சை மனசுல அழிச்சிட்டு புள்ளி வெச்சுப் படிக்கறேன், தடுமாற்றமே இல்ல.

போலிஷும் பாக்கத்தான் பயமுறுத்தும், உள்ள போனா ரொம்ப ஒழுங்கான எழுத்து முறை. எஸ்-இஸட்னா 'ஷ', சி-இஸட்னா 'ச்ச', டபிள்யூனா 'வ'. எல் எழுத்துக்குக் குறுக்க ஒரு கோடு போட்டிருந்தா அது 'ல' இல்ல, இங்கிலீஷ் டபிள்யூ சத்தம். 1983-ல நோபல் அமைதிப் பரிசு வாங்கி பின்னாடி போலந்து அதிபரான லெக் வலேசாவை உலகமே வலேசான்னு சொல்லுது, அவங்க ஊர்ல அது 'வவென்சா' கிட்ட வரும், ஏன்னா அந்த எல்-லுல கோடு இருக்கு, இ-க்குக் கீழ மூக்கொலிக்கு ஒரு வால் இருக்கு. கோட்டையும் வாலையும் டைப் பண்ணும்போது விட்டுட்டோம், சத்தமும் போயிடுச்சு.

போலிஷ்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பேர் கே-ஆர்-இஸட்-ஒய்-எஸ்-இஸட்-டி-ஓ-எஃப். இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்க முதல் மூணு எழுத்துலயே நின்னுடுவாங்க. நாம நிக்கவே வேணாம், நம்ம கிட்ட அந்தச் சத்தத்துக்கு எழுத்தே இருக்கு, க்ஷ. லக்ஷ்மில வர்ற அதே க்ஷ. 'க்ஷிஷ்டோஃப்', முடிஞ்சுது. கிறிஸ்டோஃபர்ங்கற பேரோட போலிஷ் வடிவம்தான் இது. அமெரிக்காவுல ட்யூக் யூனிவர்சிட்டிக்கு 1980-ல இருந்து 2022 வரைக்கும் பாஸ்கெட்பால் கோச்சா இருந்த மைக் ஷெஷெஃப்ஸ்கி பேரும் கே-ஆர்-இஸட்-ல ஆரம்பிக்கறதுதான், அங்க முதல் 'க்' கூட வாயில வராது, எழுத்தைப் பார்த்து மிரண்டவங்க அவரை 'கோச் கே'னே கூப்பிட்டுப் பழகிட்டாங்க.

சீனப் பேர்களை ரோமன் எழுத்துல எழுதற பின்யின் முறை 1958-ல சீனாவுல அதிகாரபூர்வமாச்சு. அதை உருவாக்கினதுல முக்கியமானவர் ஜோ யோக்வாங், 1906-ல பிறந்து 2017 வரைக்கும் வாழ்ந்தவர், அவர் பேரே இஸட்-எச்-ல ஆரம்பிக்குது. இஸட்-எச் அங்க 'ஜ' கிட்ட வரும். எக்ஸ்னா 'ஷி'ல வர்ற மாதிரி மென்மையான ஷ, நாக்கு நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி இருக்கணும். க்யூ-வைப் பார்த்து 'க'னு மட்டும் படிச்சிடாதீங்க, அது காத்தோட வர்ற 'ச்ச'. சி தனியா வந்தா 'ட்ஸ'. இங்கிலீஷ்காரங்களுக்காக உருவாக்கின முறை இல்ல அது, அதனால இங்கிலீஷ் மாதிரி படிச்சா வராது.

இஸட்-எச்னு சொல்லும்போது நம்மையே யோசிச்சுப் பாருங்க. ழ சத்தத்துக்கு நாம அதே ரெண்டு எழுத்தைத்தான் போடறோம். சீனம் பேசறவர் அதை 'ஜ'னு படிப்பாரு, ரஷ்யப் பேர்களைப் படிச்சுப் பழகினவர் வேற ஒரு சத்தம் குடுப்பாரு, யாரும் நாக்கை மடிச்சு ழ சொல்ல மாட்டாங்க. எழில், யாழினி, மொழின்னு பேர் இருக்கறவங்களுக்கு இந்தக் கஷ்டம் நல்லாவே தெரியும்.

வியட்நாம்ல ரொம்பப் பரவலான குடும்பப் பேர் என்-ஜி-யு-ஒய்-இ-என். இதை 'நுகுயென்'னு படிக்காத வெளிநாட்டுக்காரரே இல்லன்னு சொல்லலாம். முதல் சத்தம் நம்ம ங. சங்குல நடுவுல வர்ற அந்தச் சத்தத்தைத் தனியா பிரிச்சு முன்னாடி வெச்சு, 'ங்வியன்'னு ஒரே மூச்சுல, ஒரே அசையா சொல்லணும். 'சங்'னு சொல்லி அங்கேயே நாக்கை நிறுத்தி, 'ச'வை மட்டும் எடுத்துட்டு மீதியில இருந்து ஆரம்பிச்சுப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துடும். வியட்நாமுக்கு உள்ளேயே வடக்குக்கும் தெற்குக்கும் உச்சரிப்பு வித்தியாசம் உண்டு, வெளிநாட்டுல குடியேறினவங்க சிலர் சுலபமா 'வின்'னு சொல்லிக்கறாங்க, அதுவும் சரிதான், ஏன் சரின்னு படி 4-ல வரும்.

பிரெஞ்சுப் பேர்களை நாம எல்லாரும் படிச்சிருக்கோம், சயின்ஸ் மேத்ஸ் புக்ல. 1929-ல இயற்பியல் நோபல் வாங்கினவரை டி-ப்ராக்லின்னே பல பேர் படிச்சிருப்போம், அவர் பேர் 'த ப்ரொய்'. அந்தக் குடும்பம் ஆதியில இத்தாலிப் பக்கம் பீட்மான்ட்ல இருந்து வந்தது, அந்த ஜி-எல்-ஐ எழுத்துக் கூட்டம் அங்க இருந்து ஒட்டிக்கிட்டது. ஃபெர்மாட் இல்ல 'ஃபெர்மா', காச்சி இல்ல 'கோஷி'. பாய்சான் டிஸ்ட்ரிபியூஷன்னு படிச்சது ஞாபகம் இருக்கா, அந்தக் கணித மேதை பேர் 'ப்வாசோன்', பிரெஞ்சுல அதுக்கு மீன்னு அர்த்தம். ரெண்டு எஸ்-ல ஒண்ணை விட்டுட்டா விஷம்ங்கற வார்த்தை ஆயிடும், அதனால ஸ்பெல்லிங்கை எழுதும்போதும் கவனம்.

ஜெர்மன்ல இ-யு சேர்ந்தா 'ஒய்', அதனால கணித மேதை யூலர் இல்ல 'ஒய்லர்'. போர்ஷ் காரோட பேர் ஃபெர்டினாண்ட் போர்ஷெங்கறவரோட பேர்தான், கடைசி இ-யை முழுங்கக் கூடாது. டச்சுல ஐ-ஜே 'ஐ', கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா பேர்ல வர்றது அதுதான். ஹங்கேரியன்ல போலிஷுக்கு நேர் எதிர், எஸ் தனியா வந்தா 'ஷ', எஸ்-இஸட் சேர்ந்தா 'ஸ', அதனால ஃபுட்பால் வீரர் 'புஷ்காஷ்', ஆனா இசையமைப்பாளர் 'லிஸ்ட்'. வெல்ஷ்ல ஒரு எஃப்னா 'வ', ரெண்டு எஃப் இருந்தாத்தான் 'ஃப'. அதே வெல்ஷ்ல ரெண்டு எல் சேர்ந்தா ல சொல்ற இடத்துல நாக்கை வெச்சுக்கிட்டு குரல் குடுக்காம பக்கவாட்டுல காத்தை விடணும். அதே சத்தம் அவ்ளோ தூரத்துல தென்னாப்பிரிக்காவோட கோசா மொழியில எச்-எல்னு எழுதப்படுது, நெல்சன் மண்டேலாவோட பிறவிப் பேர் ரோலிஹ்லாஹ்லால வர்றது அதுதான். ஒரே சத்தம், ரெண்டு ஊர்ல ரெண்டு விதமான எழுத்து.

படி 3: முழுங்கின எழுத்துக்கு ஒரு கதை இருக்கும், அதைத் தேடுங்க

இங்கிலீஷ் குடும்பப் பேர்கள்தான் எல்லாத்தை விடவும் மோசம், ஏன்னா ரூல் போட்டு அதைப் பிடிக்க முடியாது. பல நூறு வருஷமா பேசிப் பேசி அழுத்தம் இல்லாத அசை எல்லாம் தேஞ்சு போச்சு, பத்திரத்துல எழுதின எழுத்து மட்டும் தேயல. சோல்மொண்டெலில நடு அசை தேஞ்சு, மெய்யெழுத்து உதிர்ந்து, கடைசியில சம்லி. பீச்சம்ங்கற பேர் எழுத்துல பிரெஞ்சு மாதிரி இருக்கும், பிரெஞ்சுல அழகான வயல்னு அர்த்தம், பிரான்ஸ்ல 'போஷான்'னு சொல்லுவாங்க, இங்கிலாந்துக்காரங்க வாயில அது பீச்சம். செயின்ட் ஜான்ங்கறது முதல் பேரா வந்தா 'சின்ஜின்'. ரால்ஃப்ங்கற பேரை நடிகர் ஃபைன்ஸ் 'ரேஃப்'னு சொல்றாரு, இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸும் ரேஃப்தான். காக்பர்ன் 'கோபர்ன்', கொல்குஹூன் 'கஹூன்', டைரி எழுதின சாமுவேல் பெப்பிஸ் 'பீப்ஸ்'.

ஸ்காட்லாந்துப் பேர்ல இருக்கற இஸட் கதையை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும். மென்ஸீஸ்னு எழுத்துல இருக்கற பேரை அங்க பழைய முறையில 'மிங்கிஸ்'னு சொல்லுவாங்க, டால்ஸீல் 'டீ-எல்' ஆயிடும். காரணம், ஸ்காட்லாந்துல யோக்னு ஒரு எழுத்து இருந்துச்சு, பாக்க 3 மாதிரி இருக்கும், இந்தப் பேர்கள்ல சத்தம் 'ய' மாதிரி, முன்னாடி என் வந்தா 'ங' பக்கம் போகும். அச்சு வந்தப்போ அந்த எழுத்துக்கு அச்சு இல்ல, பாக்க கிட்டத்தட்ட இஸட் மாதிரி இருக்கேன்னு இஸட் போட்டுட்டாங்க. இஸட் வாசிக்க வேண்டிய எழுத்தே இல்ல, யோக்குக்கு இடம் பிடிச்சு வெச்ச எழுத்து. பிரிட்டன் லிபரல் டெமாக்ரட் தலைவரா 2006, 2007-ல இருந்த மென்ஸீஸ் கேம்ப்பெல்லை எல்லாரும் 'மிங்'னு கூப்பிட்டதுக்குக் காரணம் இதுதான். ஆனா இதே இஸட் இருக்கற மெக்கன்ஸிங்கற பேர்ல எழுத்து ஜெயிச்சிடுச்சு, பழைய சத்தம் போயே போச்சு, இன்னைக்கு மெக்கன்ஸிகளும் தங்களை மெக்கன்ஸினுதான் சொல்லிக்கறாங்க. அதனால சரித்திரத்தைப் படிச்சிட்டு மெக்கன்ஸி ஒருத்தர் கிட்ட போய் உங்க பேரை நீங்களே தப்பா சொல்றீங்கன்னு சொல்லக் கூடாது.

படி 4: பேருக்குச் சொந்தக்காரர் சொல்றதுதான் கடைசித் தீர்ப்பு

முதல் மூணு படியும் ஒரு நல்ல யூகம் வரைக்கும்தான் கொண்டு போகும். அதுக்கு மேல அந்த ஆள்தான். ஆஸ்திரேலியப் பிரதமரா ரெண்டு தடவையா 18 வருஷத்துக்கு மேல இருந்த ராபர்ட் மென்ஸீஸ் தன் பேரை இஸட் சத்தத்தோடதான் சொன்னாரு, மிங்கிஸ்னு இல்ல. நடிகை சர்ஷா ரோனன் தன் பேரை 'சர்ஷா'ன்னு சொல்றாங்க, அயர்லாந்துலயே அதே பேர் உள்ள வேற பெண்கள் 'சீர்ஷா'ன்னு சொல்லுவாங்க, எழுத்து ஒண்ணு, அர்த்தம் ஒண்ணு (சுதந்திரம்), ரெண்டும் சரி. கார்ட்டூனிஸ்ட் மேட் க்ரேனிங் தன் பேர்ல ஓ-இ-யை 'ஏ'னு சொல்றாரு. அமெரிக்க நாடாளுமன்ற சபாநாயகரா 2011-ல இருந்து 2015 வரைக்கும் இருந்த ஜான் பேனர் பேரும் ஓ-இ-தான், அங்கயும் 'ஏ'. ஜெர்மன் ரூல் படி பார்த்தா ரெண்டும் தப்பு, அவங்க குடும்ப வழக்கப்படி ரெண்டும் சரி.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச டொனால்ட் க்னூத், முதல் கே-யை விட்டுட்டு நூத்னு சொல்லாதீங்கன்னு தன் வெப்சைட்டுலயே 'கனூத்'னு எழுதி வெச்சிருக்காரு. தன் பேருக்கு மட்டும் இல்ல, தன் புத்தகத்தோட இன்டெக்ஸ்ல ஆசிய நாட்டு ஆராய்ச்சியாளர்களோட பேரை அவங்கவங்க எழுத்துலயே போடறதுக்கு அவ்ளோ மெனக்கெட்டிருக்காரு. எனக்கு அவர் மேல இருக்கற மரியாதையில பாதி இதுக்காகத்தான்.

அமெரிக்க அரசியல்வாதி பீட் பூட்டஜெஜ் பேர் மால்டா நாட்டுப் பேர், அரபு வேர்ல கோழிகளுக்குச் சொந்தக்காரர்னு அர்த்தம். எழுத்தைப் பார்த்து எல்லாரும் தடுமாறினதால 'பூட்-எட்ஜ்-எட்ஜ்'னு தெரிஞ்ச வார்த்தையா உடைச்சுக் குடுத்தாங்க, உடனே பிடிச்சிக்கிட்டாங்க. இந்த உத்தியை ஞாபகம் வெச்சுக்கோங்க, படி 6-ல தேவைப்படும்.

சில பேர் கிட்ட ரூல், சரித்திரம் எதுவுமே வேலைக்கு ஆகாது. ஸ்வீடன்ல 1996-ல ஒரு அப்பா அம்மா பையனுக்கு 43 எழுத்துல ஒரு பேர் வெக்கப் பார்த்தாங்க, வரிசையா மெய்யெழுத்து, கடைசியில 11116-னு நம்பர் வேற, உச்சரிப்பு என்னன்னு கேட்டா 'ஆல்பின்'னாங்க. குழந்தைக்கு 5 வயசு ஆகறதுக்குள்ள பேர் பதியலன்னு கோர்ட் போட்ட 5,000 க்ரோனா அபராதத்துக்கு எதிர்ப்பா வெச்ச பேர் அது, ஏத்துக்கல. அப்புறம் 'ஏ'ன்னு ஒரே எழுத்துல குடுத்து, அதையும் ஆல்பின்னு படிக்கணும்னாங்க, அதையும் ஏத்துக்கல. பாடகர் பிரின்ஸ் 1993-ல தன் பேரை உச்சரிப்பே இல்லாத ஒரு சின்னமா மாத்திக்கிட்டாரு, பேப்பர்காரங்க அச்சடிக்கறதுக்கு அந்தச் சின்னத்தை ஃப்ளாப்பியில போட்டு அனுப்ப வேண்டியிருந்துச்சு.

வேண்டாம்னு விட்டுக் குடுத்தவங்களும் உண்டு. ஓவியர் வான் கோ 1888-ல தம்பிக்கு எழுதின கடிதத்துல, கேட்டலாக்ல என் பேரை வின்சென்ட்னு மட்டும் போடுங்க, இங்க யாராலயும் என் குடும்பப் பேரைச் சொல்ல முடியலன்னு எழுதியிருக்காரு. டச்சுல அது தொண்டையைக் கரகரன்னு உரசிக்கிட்டு ரெண்டு தடவை வர்ற சத்தம், நம்ம ஆய்த எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னா பக்கத்துல வரும். ஓவியத்துல அவர் கையெழுத்து வெறும் வின்சென்ட்னு இருக்கறதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும்.

படி 5: கேளுங்க, ஆனா ஒழுங்கா கேளுங்க

'உங்க பேரை எப்படித்தான் சொல்றது'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா அது கேள்வி இல்ல, புகார். 'உங்க பேரைச் சரியா சொல்லணும், ஒரு தடவை நீங்களே சொல்றீங்களா'ன்னு கேட்டுப் பாருங்க, சொல்ற விதமே மாறிடும், நிதானமா ரெண்டு தடவை சொல்லுவாங்க. தனியா கேளுங்க, கூட்டத்துக்கு நடுவுல வேணாம். சுருக்கமா ஏதாவது கூப்பிடலாமான்னு நீங்களா ஆரம்பிக்காதீங்க, அவங்களே குடுத்தா சரி. ஜப்பான்ல இதுல கூச்சமே இல்ல, ஒரே சித்திர எழுத்தைப் பல விதமா படிக்கலாம்ங்கறதால ஜப்பான்காரங்களே ஒருத்தர் பேரை இன்னொருத்தர் எப்படிப் படிக்கணும்னு கேட்டுக்குவாங்க, ஃபார்ம்லயும் பேருக்கு மேல சத்தம் எழுத தனிக் கட்டமே இருக்கும்.

கேக்க ஆள் இல்லன்னா, அந்த ஆள் தானே தன்னை அறிமுகப்படுத்திக்கற வீடியோவைத் தேடுங்க. பேட்டி எடுக்கறவர் சொல்றது வேணாம், அவரே தப்பா சொல்லலாம். கம்ப்யூட்டர் குரல்ல பேர் வாசிக்கற சைட்டை நான் நம்பறதில்ல.

படி 6: கேட்ட உடனே தமிழ்ல எழுதி வெச்சுக்கோங்க

காது பத்து நிமிஷத்துல மறந்துடும், கண்ணு மறுபடியும் ஸ்பெல்லிங்கையே பார்த்து ஏமாறும். அதனால கேட்ட சத்தத்தை அப்பவே தமிழ் எழுத்துல எழுதிடுங்க. ங, ஞ, ழ, க்ஷ, ஃப எல்லாம் நம்ம கிட்ட இருக்கறது பெரிய பலம். நெடில் குறில் தெளிவா எழுதலாம், இங்கிலீஷ்ல அது முடியாது. பலவீனமும் ஒண்ணு இருக்கு, க, ட, த, ப ஒவ்வொண்ணுக்கும் ஒரே எழுத்து, கண்கள்ல முதல் க-வும் ரெண்டாவது க-வும் வேற சத்தம்னு எழுத்துல தெரியாது. நான் கண்கள்ல வர்ற ரெண்டாவது க மாதிரி அதிர்ற சத்தம் வந்தா எழுத்துக்குக் கீழ ஒரு கோடு போட்டுடுவேன். எந்த அசையில அழுத்தம்னு மேல ஒரு சின்னக் கோடு. நீளமான பேர்னா பூட்-எட்ஜ்-எட்ஜ் மாதிரி தெரிஞ்ச வார்த்தையா உடைங்க.

படி 7: பின்னாடி இருந்து கட்டிப் பழகுங்க

முன்னாடி இருந்து சொன்னா முதல் அசையில தைரியமா ஆரம்பிச்சு கடைசியில தேஞ்சு போகும். திருப்பிப் போடுங்க. டோஃப். ஷிஷ்-டோஃப். க்ஷிஷ்-டோஃப். அஞ்சு தடவை மெதுவா, அஞ்சு தடவை வேகமா, அப்புறம் ஒரு முழு வாக்கியத்துக்குள்ள வெச்சு, 'அடுத்து பேசப் போறவர் க்ஷிஷ்டோஃப்'னு. தனியா சொல்லும்போது வர்ற பேர் வாக்கியத்துக்குள்ள வரும்போது வழுக்கும், மேடையில தடுமாறறது அதனாலதான். சர்டிஃபிகேட் குடுக்கற மேடையில பேர் வாசிக்கற பொறுப்பு உங்க கிட்ட வந்தா லிஸ்டை முந்தின நாளே வாங்கிடுங்க, இதுல விட்டுக் குடுக்கவே கூடாது, அந்த ஒரு நிமிஷத்துக்காக வருஷக்கணக்கா படிச்சிருப்பாங்க.

படி 8: தப்பா சொல்லிட்டா

நிறுத்துங்க, சரியா திருப்பிச் சொல்லுங்க, மேல போங்க. ரெண்டு செகண்ட் போதும். நீளமா மன்னிப்பு கேட்டா பாவம் அவங்க உங்களைச் சமாதானப்படுத்தற மாதிரி ஆயிடும். நான் மெசேஜ்ல எழுதினது அப்படி நீளமான மன்னிப்புதான், இப்பன்னா ரெண்டு வரியில முடிச்சிருப்பேன். மறுநாள் காலையில மீட்டிங்ல 'வ்' சத்தத்தோட கூப்பிட்டேன். ஒரு செகண்ட் அமைதி, அப்புறம் எப்பவும் ஆஃப்லயே இருக்கற அவங்க கேமரா ஆன் ஆச்சு.

வேற யாராவது அவங்க பேரைத் தப்பா சொன்னா, அடுத்த வாக்கியத்துல நீங்க சரியா சொல்லுங்க, அதுவே போதும், திருத்தம்னு தனியா அறிவிக்க வேணாம்.

படி 9: உங்க பேருக்கும் இதைச் செஞ்சு வைங்க

லிங்க்ட்இன்ல 10 செகண்டுக்கு உங்க பேரை உங்க குரல்லயே பதிவு பண்ற வசதி இருக்கு. இமெயில் கையெழுத்துக்குக் கீழ பேரை அசை அசையா உடைச்சு ஒரு வரி போடலாம். பேர்ல ழ இருக்கறவங்க கட்டாயம் பண்ணுங்க, நாக்கு நுனியை மேல மடிச்சு அண்ணத்தைத் தொடாம சொல்லணும்னு ஒரு வரி எழுதுங்க. ஆர் எழுத்தை அமெரிக்கக்காரங்க சொல்ற விதம் ழ-வுக்கு ரொம்பப் பக்கம், அதைச் சொல்லிக் குடுத்தா ரெண்டாவது தடவையிலயே யாழினின்னு கூப்பிட்டுடுவாங்க.